காதலுக்குத் 'த', கலியாணத்துக்கு 'அம்'

ஏனுங் மாப்பிள்ளை, அந்த நோட்ட மூடி வெச்சுப்போட்டு இப்படி வந்து உக்காருங்க. மூணு கலர் பேனாவுல கோடு கிழிச்சு, 'அ'ன்னா இது, 'என்'ன்னா அது, 'அம்'ன்னா இன்னொண்ணுன்னு நீங்க கட்டம் போட்டு வெச்சிருக்கிற அழகப் பாத்தா கண்ணு பட்டுருமுங்க. அப்படியே சட்டம் போட்டு நடையில மாட்டிரலாம். ஆனா அந்தக் கட்டத்த நம்பி விக் சந்தையில போயி நின்னுராதீங்க. தக்காளிக்காரி வாயத் தொறக்கறதுக்குள்ள கட்டமெல்லாம் வேர்வையில நனைஞ்சு போயிரும்.

நானு படிச்சவனில்லீங்க. மக வூட்டோட வந்து ஒண்டிக்கிட்ட கெழவன். என்ற கத்தலான் மொழி, சந்தையில கொஞ்சம், ரொட்டிக்கடையில கொஞ்சம், பக்கத்துப் பண்ணைக்காரரு வேலி மேல சாஞ்சுக்கிட்டுக் குடுத்தது கொஞ்சம். இந்த ஊரு பேரே எழுத்துல விக், சனங்க வாயில பிக். அதனால என்ற பேச்சுல எலக்கணம் கம்மி, எகத்தாளம் சாஸ்தி. பொறுத்துக்கோங்க.

முன்னிடைச்சொல்லுன்னு படிச்சவங்க பேரு வெச்சிருக்கிற இந்தக் குட்டிச் சொல்லுக உங்களப் படுத்தறதுக்கு உங்க மூளை காரணமில்லீங்க. நம்ம தமிழ்ல உருபு வாலு, பின்னால தொங்கும். இவுங்களுக்கு அது மூக்கணாங்கவுறு, முன்னாலயே மாட்டியாகோணும். நம்மாளு 'பார்சலோனா...'ன்னு இழுத்துப்போட்டு, போறமா வாரமான்னு ரோசிச்சு, சாவகாசமா 'வுக்கு'ன்னோ 'வுல இருந்து'ன்னோ முடிப்பான். இங்க ஊரு பேரு வாயில வாரதுக்கு முன்னாலயே போக்கா வரத்தான்னு முடிவு பண்ணியிருக்கோணும். முடிவு பண்றதுன்னா நம்ம குடும்பத்துல ஆம்பளைங்களுக்கு என்னைக்குமே செரமந்தான்.

இப்ப 'அ'வ எடுத்துக்கோங்க. பார்சலோனாவுக்குப் போறேன்னா 'பாச் அ பார்சலோனா'. பார்சலோனாவுல குடியிருக்கறேன்னா 'பிஸ்க் அ பார்சலோனா'. போனாலும் 'அ', இருந்தாலும் 'அ'. இவ்வளவு சுளுவா ஒரு மொழி வழி விட்டும், மாட்ரிட்ல ஸ்பானிஷ் படிச்சுட்டு வந்த மிதப்புல நீங்க 'என் பார்சலோனா'ங்கறீங்க. மாட்ரிட்ல அது சரி. தமிழ்க் காதுக்கு என்னமோ நீங்க பார்சலோனாவ விலைக்கு வாங்கிப் போட்டாப்பல கேக்குது. கத்தலான்காரருக்கு எப்படிக் கேக்குது தெரியுமுங்களா? 'அடடா, இந்தத் தம்பி ஸ்பானிஷ் பேசறவரு'ன்னு கேக்குது. அடுத்த வாக்கியத்துல இருந்து மரியாதையா, சிரிச்ச மொகத்தோட, ஸ்பானிஷுக்கு மாறிருவாங்க. திட்டுனாக்கூடத் திருந்திக்கலாம். இந்த மரியாதை இருக்குது பாருங்க, அதுதானுங்க இந்த நாட்டுல மொழி படிக்க வாரவனுக்குப் பெரிய எடைஞ்சல்.

அப்ப 'என்' எதுக்குன்னு கேப்பீங்க. 'ஒரு ஊர்ல'ன்னு கதை ஆரம்பிச்சா 'என் உம் பொப்ள'. 'இந்த மேசையில'ன்னு தட்டிக் காட்டுனா 'என் அகெஸ்த தவுல'. ஒரு, இந்த, அந்தன்னு முன்னால வந்தாப் பெரும்பாலும் 'என்'. பேரு தெரிஞ்ச ஊருக்கும், அடுப்படி, சந்தைன்னு குறிப்பாச் சொல்ற எடத்துக்கும் 'அ'. ரயில்ல போனா 'என் த்ரென்', நடந்து போனா 'அ பெவ்'. ஏன்னு கேக்காதீங்க. அத்தன வெவரம் தெரிஞ்சிருந்தா நானு ஏன் ஊர்ல மூணு ஏக்கராவ வித்தேன்?

'அ'வும் 'எல்'லும் சேந்தா 'அல்', 'த'வும் 'எல்'லும் 'தெல்', 'பெர்'ரும் 'எல்'லும் 'பெல்'. இது மூணும் உங்க நோட்டுல பச்சை மையில இருக்குது, பாத்தேன். நல்லது. தாண்டிப் போவோம்.

எலக்கணம் வேணுமுன்னா ஓட்டலுக்குப் போங்க மாப்பிள்ளை. வெலைப்பட்டியல்ல இல்லாத முன்னிடைச்சொல்லு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை. 'பாம் துமாகெத்'துன்னு உக்காந்ததுமே கொண்டாந்து வெப்பாங்க. எழுத்துல மூணு சொல்லு அது. ரொட்டிக்குப் 'பா', கூடங்கறதுக்கு 'அம்', தக்காளிக்குத் 'துமாகெத்'. அந்த 'அம்'முக்குக் கடைசியில 'ப்' சத்தத்துக்கு ஒரு எழுத்து எழுதுவாங்க, மெய்யெழுத்து அடுத்து வந்தாச் சொல்ல மாட்டாங்க. சூடு பண்ணுன ரொட்டி மேல பழுத்த தக்காளிய ரெண்டா அறுத்துத் தேச்சு, எண்ணெய ஊத்தி, உப்பத் தூவறதுதான் மொத்தச் சமையலும். தக்காளிய நறுக்கி ரொட்டி மேல அடுக்கி வெச்சாலும் எலக்கணப்படி அது 'அம்'தான். ஆனா அப்பறம் உங்கள ஆரும் வூட்டுக்குக் கூப்புட மாட்டாங்க.

தேக்கறதுக்குன்னே ஒரு தக்காளி இருக்குது. சின்னதா, தோலு கெட்டியா இருக்கும். கோடையில பறிச்சு, காம்போட கயித்துல கோத்து உத்தரத்துல கட்டித் தொங்க விட்டாங்கன்னா குளுரு காலம் வரைக்கும் கெடாது. 'துமாகெத் த பென்ஜா'ம்பாங்க, தொங்கவிடற தக்காளி. இந்தத் 'த'வ உங்க கட்டத்துல எங்க வெப்பீங்க? 'உடைய'ன்னு எழுதியிருக்கறீங்க. தொங்கவிடறதுடைய தக்காளியா? 'இல் இருந்து'ன்னும் எழுதியிருக்கறீங்க. தொங்கவிடறதுல இருந்து தக்காளியா? பேசாம தக்காளியோட சேத்து அப்படியே வாங்கிட்டு வாங்க. சில்லறையா வாங்குனா இந்தச் சொல்லுக கட்டுப்படியாகாதுங்க, சரக்கோட சேந்துதான் வரும்.

'அ'வும் அந்தப் பட்டியல்லயேதான் குந்தியிருக்குது. யெய்தாப் பக்கம் நத்தைய தகரத் தட்டுல பரப்பி அனல்ல வாட்டுவாங்க, 'கர்கோல்ஸ் அ ல யவுன'. தணல்ல பொதச்சுச் சுட்ட உருளைக்கெழங்கு 'பததெஸ் அல் கலிவ்'. கம்பியில குத்திச் சுத்த விட்ட கோழி 'பொல்யாஸ்த்ர அ லாஸ்த்'. கம்பிக்கு 'ஆஸ்த்'துன்னு பேரு, உயிரெழுத்துல ஆரம்பிக்குது. அதனால 'அல்'லுன்னு சேராம 'அ'வத் தனியா உட்டுப்போட்டு 'எல்' மட்டும் போயி ஒட்டிக்கிச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானம் கோழிக்கடை வரிசையில பத்து நிமிசம் நின்னா இது மனசுல பதிஞ்சுரும். கோழியும் கெடைக்கும். உங்க வகுப்புல கோழி குடுக்கறாங்களா?

சரி, தலைப்புக்கு வாரேன். பேத்தி பக்கத்துல இல்லையே? ஒருத்தி மேல ஆசை வெச்சா இவுங்களுக்கு 'த' வேணும். நம்ம 'மேல' எல்லாம் இங்க செல்லாது. கலியாணம் கட்டுனா 'அம்', அவகூட. பிரிஞ்சு போனா மறுக்காவும் 'த'. வந்ததும் 'த', போனதும் 'த', நடுவுல மாட்டிக்கிட்டது மட்டும் 'அம்'. நீங்க போன மாசம் விருந்துல, அத்தன பேருக்கு முன்னால, என்ற பேத்தியக் கட்டுன சங்கதியத் 'த' போட்டுச் சொன்னீங்க. 'கலியாணம்'ங்கற சொல்லு மட்டும் தெளிவா இருந்ததால தப்பிச்சீங்க.

நேரத்துலயும் இந்தத் 'த' ஒரு வேலை பண்ணும். இங்க கொஞ்சம் நின்னு பேசோணும், ஏன்னா இதுலதான் மாப்பிள்ளை மானம் போச்சு. உங்க ஆபீசுக்காரரு ஞாயித்துக்கெழம 'அ தோஸ் குவார்ட்ஸ் த சிங்'க்குக் காப்பிக்கு வரச் சொன்னாரு. 'தோஸ்' ரெண்டு, 'குவார்ட்ஸ்' கால், 'சிங்' அஞ்சு. ரெண்டு கால் அரை, அப்ப அஞ்சரைன்னு கணக்குப் போட்டுப் பொட்டிக்கடை மிட்டாயோட போயி நின்னீங்க. அவுங்க குடிச்சு முடிச்சுக் கோப்பையக் கழுவிக் கவுத்தியாச்சு. இவுங்க கணக்குல நாலு அடிச்ச அந்த நிமிசமே அஞ்சாம் மணி பொறந்துருது. அந்த அஞ்சுல ஒரு காலு தீந்தா நாலே கால், 'உங் குவார்த் த சிங்'. ரெண்டு காலு தீந்தா நாலரை. மூணு காலு தீந்தா நாலே முக்கால், 'த்ரெஸ் குவார்ட்ஸ் த சிங்'. நம்ம 'நாலரை' போனத எண்ணும், இவுங்க 'த' வரப்போறத எண்ணும். வலென்சியாக்காரங்க இந்தத் தலைவலி வேண்டாமுன்னு நாலும் அரையும்னு நேராச் சொல்லிருவாங்க. நீங்க இருக்கிறது விக். அடுத்த தடவ சந்தேகமா இருந்தா ஒரு மணி நேரம் முன்னாலயே போங்க. சீக்கிரம் வந்த விருந்தாளிக்கு வேலை குடுப்பாங்க, நேரங்கழிச்சு வந்தவனுக்குக் கழுவுன கோப்பைதான்.

வலென்சியான்னதும் இன்னொண்ணு. அங்கத்த சனம் பேச்சுல 'அம்'முக்குப் பதிலா 'என்'னும்பாங்க. 'என்கூட வா'ங்கறதுக்கு 'என்'தான் போடுவாங்க. நீங்க பச்சை மை நோட்ட எடுத்துக்கிட்டு அவுங்களத் திருத்தப் போயிராதீங்க. அவுங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து பேசற பேச்சு, நீங்க போன செப்டம்பர்ல சேந்த வகுப்பு.

மாசம் கெழமையெல்லாம் வேகமாப் பாத்துரலாம். 'திங்கக்கெழம'ன்னா ஒண்ணும் வேண்டாம், 'எல் தில்யுன்ஸ்' போதும். காலையில 'அல் மதி', கோடையில 'அ லெஸ்தீவ்'. ஆனா நோம்பி வந்துச்சுன்னா உடனே 'பெர்'. கிறிஸ்மஸுக்குப் 'பெர் நதால்'. ஏப்ரல் 23-ஆம் தேதி ரோசாப்பூவும் புஸ்தகமும் குடுத்துக்கற நாளுக்குப் 'பெர் சான் ஜோர்தி'. அன்னைக்குப் பேத்திக்குப் பூ வாங்காம முன்னிடைச்சொல்லு மட்டும் சரியாச் சொன்னீங்கன்னா வூட்டுல சோறு கெடைக்காது, முன்கூட்டியே சொல்லிப் போடறேன்.

பூ வாங்கறதுன்னதும் 'பெர்'ருக்கும் 'பெர் அ'வுக்கும் இருக்கிற வழக்கு ஞாபகம் வருது. நம்ம 'க்காக' ரெண்டு வேலை பாக்குது. 'உனக்காகப் பூ வாங்கியிருக்கறேன்'ங்கறோம், 'உனக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கறேன்'ங்கறோம். இவுங்க எழுத்துல இத ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கறாங்க. போயிச் சேர வேண்டிய ஆளுக்கு, பயனுக்குப் 'பெர் அ'. காரணத்துக்கு, முன்னிட்டுப் பண்றதுக்கு, வழியாப் போறதுக்குப் 'பெர்'. அதனால பூ வந்து 'பெர் அ து', பொறுத்துக்கறது 'பெர் து'.

பொம்பெவ் ஃபாப்ரான்னு ஒரு மனுசன். 1868-ல பொறந்தவரு. பார்சலோனாவுல அவரு பேர்ல பல்கலைக்கழகமே இருக்குது, நீங்க பாத்திருப்பீங்க. படிச்சது எஞ்சினியருக்கு, பில்பாவோவுல வேதியியல் வாத்தியாரா இருந்தாரு. ஆனா ராத்திரியெல்லாம் எலக்கணந்தான். 1913-ல எழுத்து விதிக வந்துச்சு, 1918-ல எலக்கணம், 1932-ல அகராதி. அவரு இந்தப் 'பெர்'ருக்கு ஒரு சூச்சமம் வெச்சாரு. வினைச்சொல்லு பின்னால வந்தா, முன்னால இருக்கிற வேலை மனுசன் தானா நெனச்சுப் பண்ற வேலையான்னு பாக்கோணும். ஆமான்னா 'பெர்', இல்லைன்னாப் 'பெர் அ'. உன்னப் பாக்க வந்தேன், அது தானா வந்தது, 'பெர்'. இந்தக் கத்தி ரொட்டி அறுக்க, கத்தி தானா ஒண்ணும் நெனைக்கலை, அதனால 'பெர் அ'. அழகான கணக்குத்தானுங்க. ஆனா பேசற வாயி நின்னு ரோசிக்குமா? பார்சலோனாப் பக்கமும் இங்கயும் பேச்சுல எல்லாத்துக்கும் 'பெர்'தான். வலென்சியாக்காரங்கதான் 'பெர் அ'வ உடாமப் புடிச்சு 'ப'ன்னு சுருக்கிச் சொல்லிக்கிட்டு இருக்கறாங்க. ஜோவான் கொரொமினஸ்னு சொற்பிறப்பு அகராதி எழுதுன பெரிய மனுசன், வினைக்கு முன்னால 'பெர்' ஒண்ணே போதும், ஆள விடுங்கன்னாரு. 2016-ல கத்தலான் ஆய்வுக் கழகம் போட்ட புது எலக்கணமும் இந்த எடத்துல கயித்தக் கொஞ்சம் தளர்த்தி உட்டுருச்சு. நூறு வருசமாப் பண்டிதருகளே முடிக்காத வழக்கு. உங்க வாத்தியாரம்மா நீங்க 'பெர்'ருன்னு எழுதுனதுக்குச் செவப்பு மையில சுழிச்சா, செத்த நேரம் சிரிச்சுட்டுத் திருத்திக்கோங்க. வாதாடப் போகாதீங்க, பரீச்ச அவுங்க கையில இருக்குது.

பலகையப் பாத்தே படிக்கலாம். பெரியவங்களுக்குக் கத்தலான் சொல்லிக் குடுக்கன்னு 1989-ல ஆரம்பிச்ச பொது அமைப்புக்குப் பேரு 'கொன்சோர்சி பெர் அ ல நொர்மலிட்சசியோ லிங்குயிஸ்திக'. மொழி வழக்கத்துக்கு வரோணுங்கறது அதோட பயன், அதனால 'பெர் அ'. பேசத் தெரிஞ்ச ஒருத்தரையும் படிக்கற ஒருத்தரையும் ஜோடி சேத்து, வாரம் ஒரு மணி நேரமாப் பத்து மணி நேரம் சும்மா பேச உடற ஏற்பாடு 2003-ல வந்துச்சு. அதுக்குப் பேரு 'வொலுந்தரியாத் பெர் ல யெங்குவ'. மொழிய முன்னிட்டுப் பண்ற தொண்டு, அதனால வெறும் 'பெர்'. ரெண்டு பலகையும் சேத்துப் பாத்தாப் பாடம் முடிஞ்சுது. அந்த ஜோடியில நீங்களும் சேருங்க மாப்பிள்ளை. சம்பளமில்லாம உங்க பேச்சப் பத்து மணி நேரம் கேக்க ஆளு கெடைக்கறதுன்னா சும்மாவா?

இன்னொரு சங்கதி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும். சந்தையில எண்பது தாண்டுன கெழவிக இருக்கறாங்க. தேன் வடியப் பேசுவாங்க, ஒரு 'அ', ஒரு 'த' பெசகாது. எழுதச் சொன்னாக் கையத் தேச்சுக்குவாங்க. பிராங்கோ ஆட்சியில, 1939-ல இருந்து அந்தாளு 1975-ல சாகற வரைக்கும், பள்ளிக்கூடத்துல இவுங்க மொழிக்கு எடமில்லை, ஸ்பானிஷ்லதான் படிச்சாங்க. ஃபாப்ராவே நாட்டவிட்டுப் போயி 1948-ல பிரான்சுப் பக்கம் பிராதாவுலதான் கண்ண மூடுனாரு. ஆகக்கூடி அந்தக் கெழவிக உங்க கட்டத்தக் கண்ணால பாத்ததில்லை. நீங்க அவுங்களாட்டப் பேசோணும்னு ஆசப்பட்டா மொதல்ல அவுங்க பக்கத்துல போயி நில்லுங்க.

மரியாவப் பாத்தேன்னு சொல்றதுல ஒரு வழுக்கல் இருக்குது. தமிழ்ல தண்ணி குடிச்சேன்னு 'ஐ' இல்லாம ஓட்டலாம், ஆளுக்கு மட்டும் 'ஐ' கட்டாயம். ஸ்பானிஷும் ஆளுன்னா 'அ' கேக்கும். அதனால உங்க நாக்கு ரெண்டு பக்கமும் பழகிப்போயி மரியாவுக்கு முன்னால 'அ'வக் கொண்டாந்து நிறுத்துது. கத்தலான் எழுத்து வழக்குல 'எ பிஸ்த் ல மரிய', அவ்வளவுதான். 'என்னை', 'உன்னை'ன்னு அழுத்திச் சொல்றப்பதான் 'அ' வரும். பேச்சுல இங்கத்தக்காரங்களே நெறையப் பேரு 'அ' சேத்துக்கறாங்க, அது வேற. அவுங்க ஊட்டுச் சொத்து, ஒடைப்பாங்க.

இப்ப அழுகாமக் கேளுங்க. இத்தன பாடுபட்டு 'அ'வும் 'த'வும் கத்துக்கிட்டு அவுங்க முன்னால போயி நின்னா, பாதி நேரம் அவுங்க அதச் சொல்றதே இல்லை. ஊரு பேரு ஒருக்கா வந்துருச்சுன்னா மறுக்காச் சொல்ல மாட்டாங்க. 'அங்க போறேன்'ங்கறதுக்கு 'இ பாச்'. அந்த 'இ'க்குள்ள 'அ'வும் பார்சலோனாவும் ரெண்டுமே அடக்கம். 'அங்க இருந்து வாரேன்'ன்னா 'என் பிங்க்'. அந்த 'என்'னுக்குள்ள 'த'வும் ஊரும் அடக்கம். இந்த 'என்' முன்ன பாத்த 'என்' இல்லீங்க. ஆம்பளப் பேருக்கு முன்னால மரியாதைக்கு 'என் ஜோவான்'னு போடற 'என்'னும் இல்லீங்க. ஒரே எழுத்துல மூணு ஆளு நடமாடறாங்க. ஜிரோனாவுல உலகமே எடம் புடிச்சுச் சாப்பிடற ஓட்டலு 'எல் செல்யே த கான் ரோகா'ன்னு இருக்குதே, அந்தக் 'கான்'ல ஒளிஞ்சிருக்கிறது மரியாதை 'என்'. 'கா'ன்னா வூடு, ரோகா வூடு. உங்க நோட்டுல 'என்'னுக்கு ஒரே ஒரு கட்டந்தான் போட்டிருந்தீங்க, நானும் பாத்துட்டு சொல்லாமத்தான் இருந்தேன்.

இன்னைக்குச் சனிக்கெழம. பிளாசா மஜோர்ல செவ்வாயும் சனியுந்தான் சந்தை. போங்க. மூணாவது வரிசையில கயித்துல கோத்த தக்காளியோட ஒரு அம்மா நிப்பாங்க. அவுங்க 'குவான்ஸ் என் போல்?'ம்பாங்க, அதுல எத்தன வேணும்னு. நீங்க 'போசிமன் தோஸ் கீலுஸ்'னு சொல்லோணும். அந்த 'மன்'னுக்குள்ள 'என்' இருக்குது, 'என்'னுக்குள்ள 'த' இருக்குது, தக்காளியும் இருக்குது. உங்க மொகத்தப் பாத்துட்டு அவுங்க ஸ்பானிஷுக்கு மாறுனா, 'என் கத்தலா, சிஸ்பிளாவ்'னு சொல்லிப்போட்டு அசையாம நில்லுங்க. பின்னால வரிசை நீளும், நீளட்டும். ஆராச்சும் மொனகுனா அதுவும் கத்தலான்தான், காது குடுத்துக் கேளுங்க. தக்காளி பழுத்ததாப் பாத்து வாங்குங்க, அடியில நசுங்குனதத் தள்ளிருவாங்க. அப்படியே ரெண்டு ரொட்டியும், கோழிக்கடையில வரிசை கம்மியா இருந்தா ஒரு கோழியும். பையி கதவுக்குப் பின்னால தொங்குது. காசு உங்களுதுங்க.